தும்மலார் கூடம்

நான் அந்தத் தெருவில் தட்டச்சுக் கடை வைத்திருந்த ஒன்பது வருஷத்தில், எதிரே இருந்த பழைய நாடகக் கொட்டகையில் ஒரு நாடகம்கூட நடந்ததில்லை. ஆனாலும் கொட்டகைச் சந்துக்குள் ஆள் போவதும் வருவதும் நின்றதில்லை. கன்னம் ஒட்டிப்போனவர்கள் உள்ளே போவார்கள். ஏழெட்டுத் தடவை போய்வந்த பிறகு ஒரு நாள், முகம் கொஞ்சம் நிரம்பினாற்போல, நாக்கால் எதையோ துழாவிக்கொண்டே வெளியே வருவார்கள். புதுச் செருப்புப் போட்டவன் நடையைப்போல இரண்டு நாளைக்கு அவர்கள் பேச்சு தடுமாறும். பிறகு பழகிவிடும்.

சந்தின் கடைசியில் இருந்தது தும்மலார் கூடம். பல் போன ஏழைகளுக்கு இலவசமாகப் பல் செட் கட்டித் தரும் இடம். முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி. வாரத்தில் இரண்டு நாள் பெரிய டாக்டர் வந்து வாய்க்குள் அச்சு எடுப்பார். மற்ற வேலையெல்லாம் பின்னறையில். அங்கே அக்கா ஒருத்திதான்.

பல்லுக்கார அக்கா என்றால்தான் தெருவுக்குத் தெரியும். ஐம்பது வயதிருக்கும். கூடத்தைப் பெருக்க வந்தவர், பெருக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்து, மூன்று வருஷத்தில் பல் அடுக்க உட்கார்ந்துவிட்டவர். டாக்டர் எடுத்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தால், யாரோ ஒருவருடைய பொக்கை வாய் வெள்ளைக் கல்லாக மேசையில் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் ரோஸ் மெழுகால் கரை கட்டி, சூடான கத்தி முனையால் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பார். மெழுகுப் பல்லை ஆளின் வாயில் வைத்துப் பேசச் சொல்லிக் கேட்பார். காதுக்குச் சரியென்று பட்டால்தான் அடுத்த வேலை. பித்தளைப் பெட்டிக்குள் பிளாஸ்டரில் புதைத்து, கொதிநீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அது இருந்த இடத்தில் மூக்கைத் துளைக்கும் நெடியோடு ஒரு ரோஸ் மாவைப் பிசைந்து அடைத்து, திருகாணியால் இறுக்கி, வெந்நீரில் வேகவைப்பார். மழைக்காலத்தில் பிளாஸ்டர் ஈரம் இழுத்துக்கொண்டு கட்டிகட்டியாகும். அப்போது மாவு டின்னை வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார். அவர் வீடும் அங்கேயேதான், கூடத்தை ஒட்டி, கூடத்துக்குச் சொந்தமான இரண்டு அறைகள்.

"எல்லாப் பல்லையும் ஒரே வரிசையா நிறுத்திட்டா, கடையில வாங்கினதுன்னு பார்த்த உடனே தெரிஞ்சிடும் தம்பி" என்பார் என்னிடம். "ஒண்ணை மட்டும் இம்மி திருப்பி வெக்கணும். அப்பத்தான் அது அவங்க பல்லு."

புதிதாக யார் வந்தாலும் அக்கா பெயர் கேட்க மாட்டார். ஊர் கேட்க மாட்டார். ஒரே கேள்விதான். "முதல்ல எதைக் கடிக்கணும்?"

சிலர் கடலை என்பார்கள். சிலர் சுட்ட சோளம். ரொட்டிக் கடையில் நாற்பது வருஷம் அடுப்பில் நின்ற ஒருவர், நான் பார்க்கவே, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "என் ரொட்டியோட ஓரத்தை. இத்தனை நாளா டீயில ஊற வெச்சுத்தான் தின்னேன்" என்றார். அந்தப் பதிலை வைத்துத்தான் அக்கா எந்தப் பல்லுக்கு எவ்வளவு மேடு வேண்டும் என்று முடிவு செய்வார். பெயர் கேட்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நன்றி சொல்ல வைக்கக் கூடாது என்பதெல்லாம் கூடத்தைத் தொடங்கிய தும்மலார் போட்ட சட்டம்.

தும்மலாரை நான் பார்த்ததில்லை. நான் அந்தத் தெருவுக்கு வருமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பற்றி எனக்குச் சொன்னதெல்லாம் அக்காவின் வீட்டுக்காரர். பஸ் கண்டக்டராக இருந்தவர். பின்னோக்கி வந்த பஸ்ஸுக்கும் டிப்போ சுவருக்கும் நடுவில் ஒரு கால் சிக்கி, வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். சமையல் அவர் பொறுப்பு. காய் நறுக்கியபடியே கதை சொல்வார்.

"அவர் மேடையில தும்மினா கூரை ஓடு ஆடும் தம்பி. கதாநாயகன் காதலைச் சொல்ல வாயெடுப்பான். இவர் பின்னாலேர்ந்து ஆ... ஆ...ன்னு மூக்கைத் தூக்குவாரு. தும்ம மாட்டாரு. ஜனம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கும். அப்பவும் தும்ம மாட்டாரு. கடைசியில ராஜா சாகக் கிடக்கிற சீன்ல வந்து ஒரு தும்மு. செத்த ராஜா எழுந்து உட்கார்ந்து சிரிச்சிருக்காரு, நானே பார்த்திருக்கேன்."

"இந்தப் பல்லு விஷயம் எப்படி வந்துச்சு?"

"தரை டிக்கெட்காரங்கன்னா அவருக்கு உயிர். ஒரு நாள் பார்க்கறாரு, முன்னால உட்கார்ந்திருக்கிறதுல பாதிப் பேர் சிரிக்கறப்போ கையால வாயை மூடிக்கறாங்க. மரியாதைக்குன்னு நினைச்சாராம். நாடகம் முடிஞ்சு இறங்கிப் போய்க் கேட்டா, ஒருத்தர் கையை எடுத்துக் காட்டினாரு. உள்ள ஒண்ணும் இல்ல. அடுத்த மாசமே மேக்கப் ரூமைக் காலி பண்ணி டாக்டர் நாற்காலியைப் போட்டுட்டாரு. நடிகருங்க எல்லாம் சந்துல நின்னு மூஞ்சிக்குப் பவுடர் பூசினாங்க. கேட்டா, 'என் வேலைக்குத் தேவையான சாமான்யா அது. ஜனத்துக்குப் பல்லு இல்லைன்னா நான் யாரை நம்பி மேடையேறறது'ன்னாரு."

அவருக்கு ஜோடியாக நடித்த அம்மாவுக்குப் பீப்பாய் என்று பெயர். உடம்பைப் பார்த்து யாரோ கேலியாக வைத்தது. அந்த அம்மா அதையே நோட்டீஸில் போடச் சொல்லிவிட்டார். சம்பாதித்ததில் ஒரு கார் வாங்கி, பிரசவ வலி கண்ட பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விட்டிருந்தார். டிரைவர் இல்லாத நாளில் தானே ஓட்டுவார். ஒரு தடவை நாடகத்துக்கு நடுவே ஆள் வந்து கூப்பிட, ராணி வேஷத்தோடு, தலையில் அட்டைக் கிரீடத்தோடு போனாராம். பின் சீட்டில் இருந்த பெண் வலியில் கத்துவதும் கிரீடத்தைப் பார்த்துச் சிரிப்பதுமாகவே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. இப்போது வயதாகிவிட்டது, ஆனால் கார் இன்னும் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் காயை அடுப்பில் போட்டார். சிரிக்க வைத்தவர்களை ஊர் இரண்டு மணி நேரத்துக்குத்தான் கொண்டாடும் என்று நினைத்திருந்த எனக்கு, இந்த இரண்டு பேர் மேல் அன்றிலிருந்து தனி மதிப்பு.

தும்மலாருக்குப் பிறகு கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மகளைக் கட்டியவர். ஊருக்கே அவர் மாப்பிள்ளைதான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சட்டை கசங்காமல் இருப்பதில் அக்கறை உள்ளவர். மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், குடை மடக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தார். நான் அப்போது அங்கே மெழுகு வாசனையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நல்ல சேதி. ஒரு பெரிய கம்பெனி நமக்குக் கை கொடுக்க முன்வந்திருக்கு. நாற்காலியிலேர்ந்து எல்லாத்தையும் புதுசா மாத்திடலாம்."

"நல்லதுதானே" என்றார் அக்கா. கையில் இருந்த மெழுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு சின்ன விழா வெக்கறோம். இப்ப நீங்க முடிச்சு வெச்சிருக்கிற பன்னெண்டு செட்டையும் மேடையிலதான் கொடுக்கணும். முதல்ல பல்லு இல்லாம வாயைத் திறந்து ஒரு போட்டோ. நீங்க மாட்டி விட்டதும் சிரிச்சு ஒரு போட்டோ. கீழ பேரு, வயசு. ஊரெல்லாம் பேனர்ல வரும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "உங்க மாமா இருந்திருந்தா அதுக்கு ஒத்துக்க மாட்டாரே."

"மாமா காலம் வேற அக்கா. கொடுக்கறவங்க பார்க்க ஆசைப்படறாங்க."

"பார்க்கட்டுமே. இங்க வந்து பிளாஸ்டர் கரைக்கட்டும். கூடமாட உட்கார்ந்து பார்க்கட்டும்."

"அதெல்லாம் நடக்கிற கதையா? ரெண்டு நிமிஷம் வாயைத் திறந்தா அவங்களுக்கு என்ன குறைஞ்சிடும்? சும்மாவா கேட்கறோம், பல்லு கொடுக்கறோமே."

"அப்ப அது சும்மா கொடுக்கறது இல்லீங்க. நான் செய்ய மாட்டேன்."

மாப்பிள்ளை குடையைத் தட்டித் தண்ணீரை உதறினார். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இருக்கிற வீடும் கூடத்தோடதுதான், ஞாபகம் வெச்சுக்குங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

அன்று மத்தியானம் கண்டக்டருக்குச் சேதி தெரிந்துவிட்டது. வாசலில் நின்ற என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார், சாட்சிக்கு.

"ஒரு போட்டோதானே இவளே. அதுக்குப் போய் வீட்டை விட்டுடறதா? தரையோட இருக்கிற வீடு வேற எங்க கிடைக்கும்? இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் மாடிப்படி ஏறுவேனா?"

"ஏற மாட்டீங்க. தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"உங்களுக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, மருந்து கொடுத்தவங்க வந்து, துணியை விலக்கிக் காலைக் காட்டுங்க, பேனர்ல போடணும்னு கேட்டிருந்தா காட்டியிருப்பீங்களா?"

கண்டக்டர் சோற்றைக் கிண்டினார். தேவையில்லாமல் இன்னொரு தடவை கிண்டினார்.

"அது வேற" என்றார் பிறகு.

"என்ன வேற?"

"நான் கேவலமா திட்டி அனுப்பியிருப்பேன்."

"அவங்களால திட்ட முடியாதுங்க. பல்லு வேணுமே. அதனாலதான் நான் திட்டறேன்."

மூன்று பேரும் சாப்பிட்டோம். கை கழுவும்போது கண்டக்டர் என்னிடம், "மாடி வீடு ஏதாவது இருந்தாலும் சொல்லு தம்பி. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கிறேன்" என்றார்.

மறுநாள் பன்னிரண்டு பேரும் கடைசிச் சரிபார்ப்புக்கு வந்தார்கள். முன்னறை பெஞ்சில் இடம் போதாமல் சந்தில் குடை பிடித்து நின்றார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் செட்டை மாட்டி, நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, எங்கே கறை பிடிக்கிறதோ அங்கே இழைத்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு நடந்ததைச் சொன்னார்.

"செட்டு உங்களது. இப்பவே கொண்டுபோயிடுங்க. விழாவுக்கு வராதீங்க. வந்தா வாயைத் திறக்கச் சொல்லுவாங்க."

பன்னிரண்டு பேரில் ஒருவர் பேண்டு வாத்தியத்தில் டிரம்பெட் ஊதியவர். முன்பல் போனதும் ஊத முடியாமல் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். "நாங்க வரலைன்னா வேற பன்னெண்டு பேரைப் பிடிச்சு நிறுத்துவாங்க" என்றார். "நாங்களே வர்றோம்."

"வந்து?"

அவர் யோசிப்பதற்குள் சலவைக்கார அம்மா முந்திக்கொண்டார். நான்கு தெருவுக்குத் துணி வெளுத்தவர், கையும் நாக்கும் கனமானவர். "வந்து நிப்போம். நிக்கத்தானே சொன்னாங்க. வாய் நம்மளதுதானே. திறக்க மாட்டோம்."

"உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றார் அக்கா.

"வம்பு இல்லாம இத்தனை நாள் இருந்தது பல்லு இல்லாததால. இப்பத்தான் இருக்கே."

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வெயில் அடித்தது. கொட்டகையின் தூசியைத் தட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். கூட்டம் நிறைய. தும்மலார் பெயருக்கு இன்னும் அவ்வளவு மதிப்பு இருந்தது. முன் வரிசையில் கம்பெனிக்காரர்கள். மேடையில் நடு நாற்காலியில், கைத்தடியை முழங்காலுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு பீப்பாய் அம்மா. பெயருக்குப் பொருத்தமில்லாமல் உடம்பு வற்றிப்போயிருந்தது. அவர்தான் சிறப்பு விருந்தினர்.

பன்னிரண்டு பேரும் புதுப் பல்லை மாட்டிக்கொண்டே மேடையேறி வரிசையாக நின்றார்கள். அக்கா கீழே, கண்டக்டருக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடைக்கு வரச் சொல்லி மாப்பிள்ளை இரண்டு தடவை ஜாடை காட்டினார். அக்கா அசையவில்லை.

போட்டோக்காரர் மண்டியிட்டார். "எல்லாரும் வாயைத் திறங்க."

யாரும் திறக்கவில்லை. பன்னிரண்டு பேர் உதடும் உறை ஒட்டினாற்போல இருந்தன.

"சரி, அப்ப சிரிங்க."

ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளை வேர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். தெரிந்த ஜோக் ஒன்றைச் சொன்னார். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். வரிசை அப்படியே நின்றது. கம்பெனிக்காரர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். உடனே மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை வந்தது.

"நம்ம அம்மா இருக்கும்போது எனக்கென்ன கவலை. இவங்க சிரிக்க வெக்காத ஆள் இந்த ஊர்லயே கிடையாது. அம்மா, ஒரே ஒரு நிமிஷம் வந்து இவங்களைச் சிரிக்க வைங்க."

அந்த அம்மா மனசு வைத்தால் இவர்கள் தாங்க மாட்டார்கள். பீப்பாய் அம்மா தடியை ஊன்றி எழுந்தார். மெதுவாக வரிசைக்கு எதிரே வந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். சலவைக்கார அம்மா முன்னால் நின்றார். தாழ்ந்த குரலில், ஆனால் மைக்கில் விழும்படி கேட்டார்.

"என்னடி விஷயம்?"

சலவைக்கார அம்மா உதடு பிரியாமல் சொன்னார். "போட்டோ புடிக்கத்தான் பல்லாம்மா. பல்லு இல்லாம வாயைக் காட்டணுமாம்."

பீப்பாய் அம்மா திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. மூக்கு மேலே போனது. "ஆ..." என்றார். கொட்டகை முழுக்க ஒரு சலசலப்பு. வயதானவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அது யாருடைய தும்மல் என்று. "ஆ... ஆ..." தடி நடுங்கியது. முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். கம்பெனிக்காரர்கூடச் சாய்ந்தார். "ஆ..."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார். தும்மவில்லை. தன் நாற்காலியைக் காட்டி, இழுத்துவரச் சொல்லி, வரிசையின் கடைசியில் போடச் சொல்லி, பதின்மூன்றாவது ஆளாக, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொட்டகை வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பக்கத்தில் கண்டக்டர் தொடையில் அறைந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். டிரம்பெட்காரருக்குத் தோள் குலுங்கியது, ஆனால் உதடு பிரியவில்லை. சிரிக்காதவர்கள் மேடையில் இருந்த பதின்மூன்று பேரும், மாப்பிள்ளையும், அக்காவும்தான்.

சிரிப்பு அடங்கிய பிறகு பீப்பாய் அம்மா மைக் இல்லாமலே சொன்னார். "மாப்பிள்ளை, ஜனம் எங்களைப் பார்த்துச் சிரிக்கலாம். அது எங்க பொழப்பு. நாங்க ஜனத்தை நிறுத்தி வெச்சு வேடிக்கை காட்ட மாட்டோம். உங்க மாமனார் உசிரோட இருந்தா இந்த மேடையை விட்டு உங்களை இறக்கியிருப்பாரு. எனக்கு அவ்வளவு பலம் இல்ல. அதனால உட்கார்ந்திருக்கேன்."

கம்பெனிக்காரர்கள் எழுந்து போனார்கள். திங்கட்கிழமை அக்காவுக்கு வேலை போனது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்தது. பின்னறைக்குப் பூட்டு விழுந்தது. மேசை, திருகாணி, பித்தளைப் பெட்டிகள் எல்லாம் உள்ளே.

அக்கா அழுததை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். வீட்டை நினைத்து அல்ல. பூட்டின அறைக்குள் இன்னொருவருக்குப் பாதி அடுக்கின மெழுகுப் பல் இருந்தது. "வெயில்ல வளைஞ்சு போயிடும் தம்பி. அந்த மனுஷன் வெள்ளரிக்கா கேட்டிருந்தாரு" என்றார்.

சலவைக்கார அம்மா துணி வெளுக்கும் துறை ஊரின் மறுகோடியில், தகரம் வேய்ந்த ஒரு நீளக் கொட்டகை. துணி அவிக்க எப்போதும் வெந்நீர் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். கொட்டகையில் பாதியைச் சாக்குத் திரை போட்டுத் தடுத்து, "வெந்நீருக்கு வெந்நீர் ஆச்சு, தரைக்குத் தரை ஆச்சு, கண்டக்டர் ஏற வேண்டாம்" என்று கொடுத்துவிட்டார். பன்னிரண்டு பேரில் ஒருவர் தச்சர், மேசை செய்தார். பித்தளைப் பெட்டிகள் பீப்பாய் அம்மாவின் காரில் வந்து இறங்கின. எங்கே வாங்கினார் என்று சொல்லவில்லை. மூன்றாவது வாரம் பெரிய டாக்டர் சைக்கிளில் வந்தார், பையோடு.

"உங்களையும் நிறுத்திட்டாங்களா டாக்டர்?" என்றார் அக்கா பதறி.

"நிறுத்தல. நானா நின்னுட்டேன். அங்க காசு கொடுத்துப் பல்லு வெளுக்க வர்றவங்களுக்கு நாற்காலி போட்டிருக்காங்க. நாற்காலி நல்லா இருக்கு. எனக்கு அதுல வேலை இல்ல."

சோப்பு நுரைக்கும் மெழுகுக்கும் நடுவே வேலை தொடங்கியது. துணிக்கு வருகிறவர்களும் பல்லுக்கு வருகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். வெள்ளரிக்காய் கேட்டவருக்கு அச்செடுத்து முதலிலிருந்து செய்தார்கள். கண்டக்டர் வாசலில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில், "உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி நில்லுங்க" என்று ஆளை ஒழுங்கு செய்தார்.

ஆறு மாதம் கழித்து மாப்பிள்ளையிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. தும்மலார் பெயர் கூடத்தின் அறக்கட்டளைக்குச் சொந்தம், அதை உபயோகித்து இடம் நடத்துவது குற்றம், உடனே நிறுத்த வேண்டும் என்று. அக்கா அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். விரல் நகத்தில் பிளாஸ்டர் காய்ந்திருந்தது.

"நாம பலகை வெச்சிருக்கோமா தம்பி?"

"இல்லக்கா."

"பேரை எங்கயாவது எழுதியிருக்கோமா?"

"இல்ல. ஊர்தான் அப்படிச் சொல்லுது."

"அப்ப அதையே அடி."

அடித்தேன். நாங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தவில்லை, ஊர்தான் பயன்படுத்துகிறது, எனவே தயவுசெய்து உங்கள் நோட்டீஸை ஊருக்கு அனுப்பவும் என்று. அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு தடவை வாய்விட்டும் ஒரு தடவை மனசுக்குள்ளும் படித்தார்.

"தயவுசெய்துன்னு எதுக்கு?"

"மரியாதைக்குக்கா. எல்லா லெட்டர்லயும் போடறதுதான்."

"மரியாதைக்குத்தான் மேல ஐயான்னு போட்டிருக்கியே. அதை எடுத்துடு."

இன்னொரு தாள் செருகி முதலிலிருந்து அடித்தேன். அக்கா கையெழுத்துப் போட்டார். உறையை எடுத்துக்கொண்டு, அனுப்புநர் விலாசம் என்ன போடட்டும் என்று கேட்டேன். சலவைத் துறைக்குத் தெருப் பெயரும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது.

அக்கா வாசல்வரை போய்விட்டார். அங்கிருந்தே சொன்னார்.

"தபால்காரருக்கு எது தெரியுமோ அதைப் போடு."

உறையின் இடது ஓரத்தில், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, தும்மலார் கூடம் என்று அடித்தேன்.